பதினெட்டுச் சதுரடி

வங்கி கேட்டது முப்பது வருடத்து வில்லங்கம்.
நான் தோண்டியது நூற்று நாற்பத்தாறு.
மூலப்பத்திரம் என்று ஒன்று இருந்தால்
அதற்கும் ஒரு மூலம் இருக்குமே என்ற
கெட்ட பழக்கம் எனக்கு.
"பூங்கோதை, ஒரு ஃபிளாட் லோனுக்கு
ஆதாம் வரைக்கும் போகாதே" என்பார் சீனியர்.

சேத்துப்பட்டு, கூவத்தின் வடகரை,
எட்டுக் காணி பதிமூன்று மனை.
விற்றவர்: சர் ஆம்ப்ரோஸ் தார்ன்விக், பாரோனெட்.
அரக்கு முத்திரையில் கொக்கோ நாரையோ,
கழுத்து உடைந்திருந்தது.

யார் இந்த ஆள் என்று பத்திரம் சொல்லவில்லை.
கூடவே தைத்திருந்த கடிதங்கள் சொல்லின,
கரையான் விட்டுவைத்த மட்டும்.

அப்பன் கும்பெனி வேலையில் சேர்த்த காசு
அங்கே மூவாயிரம் ஏக்கரும் ஆடுகளுமாய் ஆனது.
பட்டம் பெரியப்பன் வழி வந்தது.
பார்லிமென்டில் பதினோரு வருடம்.
வாய் திறந்தது ஒரே ஒரு தடவை:
முதுகுப்பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொல்லி.
அதையும் அவரே எழுதுகிறார், கொஞ்சம் பெருமையாக.
மற்ற நாளெல்லாம்
கட்சி எந்த வாசலில் போகச் சொன்னதோ அந்த வாசல்.
எங்கள் வார்டு கவுன்சிலர் நினைவுக்கு வந்தார்.

அடுத்த தேர்தலில் பத்தொன்பது ஓட்டில் தோல்வி.
பீருக்கு மட்டும் எழுநூறு பவுன் பாக்கி.
சேத்துப்பட்டை விற்றுவிடு என்று
ஏஜென்ட் ஏகாம்பர முதலிக்கு எழுதுகிறார்.

முதலியின் பதில்:
ஐயா, இது தாது வருஷம். வாங்குவார் இல்லை.
செங்கல்பட்டுப் பக்கமிருந்து நடந்து வந்தவர்கள்
தோட்டத்தில் படுத்திருக்கிறார்கள்,
அறுபத்து மூன்று பேர்.
நேற்று அறுபத்தாறு.

மறு தபால் இரண்டு பக்கம்.
முதல் பக்கத்தில்: ஆட்களை அப்புறப்படுத்தி
வெறுமனையாய் ஒப்படைக்கவும்.
இரண்டாவது பக்கம் வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கிறது.
வடகிழக்கு மூலையில் இலுப்பை மரத்தடியில்
என் தம்பி ஹென்றி இருக்கிறான்.
நான்கு வயது, வாந்திபேதி.
ஆறடிக்கு மூன்றடி, அதை மட்டும் விற்காதே.
எனக்கு அப்போது ஆறு வயது,
அந்த மாதமே கப்பலேற்றிவிட்டார்கள்.
வாசலில் இன்னமும்
இந்த இடத்தில் இங்கிலீஷ் எழுத்தில்
கோணல்மாணலாய் ஒரு சொல்.
மூன்று தடவை வாய்விட்டுப் படித்த பிறகே பிடிபட்டது:
நொங்கு.
வாசலில் இன்னமும் நொங்கு வருகிறதா?

முதலி என்ன எழுதினாரோ, அந்தத் தாள் இல்லை.

பத்திரத்தில் நான்காவது ஷரத்து:
மேற்படி பதினெட்டுச் சதுரடி நீங்கலாக.
அறுபத்து மூவருக்கு ஷரத்து கிடையாது.
மயிலாப்பூரில் அந்த எண்ணுக்குப் பல்லக்கு உண்டு.
இங்கே ஒரு வரி:
சுவாதீனம் காலியாக ஒப்படைக்கப்பட்டது.
எங்கே போனார்கள் என்பது
வில்லங்கச் சான்றில் வருகிற விஷயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன்.
இப்போது நாற்பத்தெட்டு ஃபிளாட்.
வடகிழக்கு மூலை, கார் நிறுத்தம் எண் பதினேழு.
எண்ணெய்க் கறை, ஒரு மெட்ரோ வாட்டர் மூடி.
"மேடம், அது 3பி-க்கு ஒதுக்குனது" என்றார் வாட்ச்மேன்.
3பி-தான் என் ஃபைல்.

சர் ஆம்ப்ரோஸுக்குப் பிள்ளை இல்லை.
பட்டம் அவரோடு அற்றுப்போனது.
மூவாயிரம் ஏக்கரும் போயிருக்கும்.
உலகத்தில் அவர் விற்காமல் விட்டது
இந்த எண்ணெய்க் கறை மட்டும்தான்,
எந்தக் கோர்ட்டும் இதுவரை அதைப் பிடுங்கவில்லை.

கருத்துரையில் எழுதினேன்:
உரிமை தெளிவானது, பதினெட்டுச் சதுரடி நீங்கலாக.
சீனியர் கடைசி மூன்று சொல்லை அடித்தார்,
திட்டக்கூட இல்லை.

சாவி வாங்கிய அன்று 3பி-க்காரர்
அரைக்கிலோ மைசூர்பாகோடு வந்தார்.
"மேடம், எல்லாம் கிளியர்தானே?"

வாயில் மைசூர்பாகு இருந்தது.
தலையாட்டினேன்.