செல்லம்பட்டி, இரவு பதினொன்று பத்து

வலது கால் அவருடையது.
இடது கால்
தண்ணீர்ப் பானையின் வெளிப்புறம்.

எட்டரைக்குச் சோற்றில் கை வைக்கையில்
சுரீர் என்றதாம்.
வாயுப் பிடிப்பென்று ஒச்சப்பனின் மச்சினன்
கற்பூரத் தைலம் தேய்த்தே
இரண்டு மணி நேரத்தைத் தீர்த்திருக்கிறார்.

பாதத்தின் மேல் விரல் வைத்தேன்.
துடிக்கிறது.
இல்லை, அது என் விரல்நுனி.
கணுக்காலுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பில்
ஒன்றுமில்லை.
கழுத்தில் மட்டும் தாளம் தப்பி
ஓடிக்கொண்டிருந்தது நாடி.

“ஒரு ஊசி போட்டா சரியாயிராதா?
காலையில முதல் பஸ்ஸுக்குப் போறோமே.”
இருந்த ஒரே ஹெப்பாரினைப் போட்டாயிற்று.
காலைக்குள் காலை எடுக்க வேண்டிவரும் என்றேன்.
அப்போதுதான் அவர் மனைவி
செருப்பைத் தேடினார்.

பெரியாஸ்பத்திரிக்குப் போன்.
மூன்றாவது தடவை எடுத்தார் ரத்தநாளப் பிரிவுக்காரர்.
“விரல் அசையுதா?”
“அசையுது. தொட்டாத் தெரியல.”
“அனுப்பு. தியேட்டர்ல சொல்றேன்.”

சீட்டில் வியாதிப் பெயருக்கு ஒரு வரி.
நேரத்துக்குக் கட்டமே இல்லை.
அவர் தோலில் எழுதினேன்:
குளிர் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு,
பக்கத்தில் 8.30.

நூற்றெட்டு கிளம்பியது.
செக்கானூரணி, நாகமலை, காளவாசல் என்று
கூடவே போய்க்கொண்டிருந்தேன்
நாற்காலியில் உட்கார்ந்தபடி.

மூன்றே காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து போன்.
அடைத்திருந்த ரத்தக்கட்டி வந்துவிட்டது.
கோட்டுக்குக் கீழே நாலு விரல் தூரம் சூடு.
கட்டைவிரலை மட்டும்
இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார்.

பேனா மை
ஸ்பிரிட் போட்டும் போகவில்லையாம்.