பன்னிரண்டாவது நிமிடம்

ஓடென்சே வெலோட்ரோமை
இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்திருந்தாள் விபெகெ தோருப்.
பால் டேங்கர் ஓட்டுபவள். விடிகாலை மூன்றுக்குக் கிளம்பி
பதினாறு பண்ணைகளைச் சுற்றிவிட்டு நேரே வந்திருந்தாள்:
மூன்று தலைக்கவசம், இரண்டு உடுப்பு,
ஒரு டப்பா ரை ரொட்டி.

நான் அளப்பவன்.
காற்றை அல்ல,
காற்று ஆளாளுக்கு வசூலிக்கும் வரியை.

ஆழமான முன்சக்கரம் வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள்.
ஐம்பத்தாறு கிலோ அவள்; பந்தயமோ கடலோரப் பாலத்தில்.
பக்கக்காற்று அங்கே
பேர் சொல்லிக் கூப்பிடும்.

முதலில் உடுப்பு.
பட்டியலில் முதலிடம் வாங்கியது
அவள் தோளில் சுருங்கியது.
எட்டு வருடம் முன்பு ஒடிந்த இடது காறை எலும்பு
சற்றே தாழச் சேர்ந்திருக்கிறது.
அந்தப் பள்ளத்தில் துணி மடிந்து,
மடிப்பில் காற்று குடிபுகுந்து
நான்கு வாட் கேட்டது.
மலிவானது அவள்மேல் தோலாய்க் கிடந்தது.
விலைச்சீட்டுக்கு எலும்பு தெரியாது.

பிறகு அந்த நீள்வால் கவசம்.
கண்ணீர்த்துளி வடிவம், பாதி மாதச் சம்பளம்.
காற்றுச்சுரங்கத்தில் ஒரு பொம்மைத் தலை
அதை அணிந்து எல்லாரையும் வென்றிருக்கிறது.
பொம்மைக்குக் கழுத்து வலிக்காது.

சுற்று. சுற்று. மரத்தடத்தில் சக்கர உறுமல்.
எட்டாம் நிமிடம் வரை எண்கள் அழகு.
பன்னிரண்டில் அவள் தலை குனிந்தது.
வால் மேலே எழுந்தது,
கொட்டப்போகும் தேள்.
திரையில் கோடு ஏறியது: ஒன்பது வாட், பதினொன்று.
"தலையைத் தூக்கு!" கத்தினேன்.
தூக்கினாள். அரைச் சுற்று. மறுபடி விழுந்தது.

மூச்சிரைக்க இறங்கி வந்து
"பழகிக்கொள்வேன்" என்றாள்.
எத்தனை வருடமாக ஓட்டுகிறாய்?
"இருபத்திரண்டு."
இருபத்திரண்டு வருடமும்
இந்நேரம் குனிந்திருப்பாய்.
இதில் தலைகுனிவு ஒன்றுமில்லை;
நிமிர்ந்த தலைக்குத்தான் இங்கே அபராதம்.

மூன்றாவது, மகளுடைய பழசு.
குட்டை, உருண்டை, பின்னால் ஒரு தவளை ஸ்டிக்கர்.
ஆரம்பத்தில் சுமார்தான். நான் காப்பி எடுக்கப் போய்விட்டேன்.
திரும்பி வந்தால்,
குனிந்த தலையின் பின்புறம் முதுகோடு சேர்ந்து
ஒரே சரிவாய் ஓடிக்கொண்டிருக்கிறது,
களைப்பு கூடக் கூட எண் இறங்குகிறது.
காப்பி ஆறிப்போயிற்று.

திரையைத் திருப்பிக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தாள்.
"என் சோர்வுக்கு அளவெடுத்திருக்கிறாய்" என்றாள்.
பிறகு, "தவளையை உரித்துவிடவா?"
அரை வாட்கூடப் பெறாது, இருக்கட்டும்.

நீள்வாலை என்னிடமே விட்டுப் போனாள்,
யாருக்காவது விற்றுக்கொடு என்று.
இரவு விளக்கணைக்குமுன் போட்டுப் பார்த்தேன்.
நெற்றி, காது, பிடரி,
வார்த்தெடுத்ததுபோல் கச்சிதம்.

நான் சைக்கிள் ஓட்டுவதில்லை.