பதினைந்து எண்ணும் வரை

ராயக்கோட்டைப் பக்கம்
தக்காளித் தோட்டத்தில் கறுப்புக் குழாய் ஓடினால்
பாதி நான் போட்டதாயிருக்கும்.
சொட்டு அடைத்தால் கூப்பிடுவார்கள்.
எண்ட் கேப்பைக் கழற்றி மோட்டாரை முழுசாய்த் திறந்து
உப்பும் பாசியும் சேறாய்ப் பீச்சியடித்துத்
தண்ணீர் தெளியும்வரை நிற்பேன்.
அதற்கும் அடங்காததற்கு ஆசிட்.
இருபது வருஷத்தில் கற்ற வைத்தியம் இவ்வளவுதான்:
அழுத்தம் கொடு.

சஷ்டிகா
பாதிக் குடல் இல்லாமல் பிறந்தாள்.
குடித்தது நிற்காது,
சரளை மண்ணில் ஊற்றியதுபோல.
பெங்களூரில் அவள் நெஞ்சில் ஒரு குழாய் வைத்தார்கள்.
உள்முனை இதயத்தின் வாசலில்
வெளிமுனை பனியனுக்குள் சுருண்டு
இடையில் ஒரு நீலக் கிளிப்.
"நோக்கிக்கொண்டால் வருஷக்கணக்கில் இருக்கும்"
ஷைனி சிஸ்டர் சொன்னார்,
பாதி மலையாளம், பாதி கோபம்.
பதினோரு நாள் என் நகத்தையே பார்த்தார்.
கழுவு. மறுபடி கழுவு.
நகக்கண்ணில் இருந்த தோட்டம்
பன்னிரண்டாம் நாள்தான் போனது.

முனிரத்னாவுக்கு பர்கூர் கம்பெனியில் நைட் ஷிப்ட்.
வேன் ஹாரன் அடித்ததும்
வீட்டில் நானும் குழாயும் அவளும்.
ஜன்னல் சாத்தி, ஃபேன் நிறுத்தி,
முனையை ஸ்பிரிட் பஞ்சால் தேய்க்க வேண்டும்
பதினைந்து எண்ணும்வரை.
அவள்தான் எண்ணுவாள்.
ஒன்பதுக்கு அப்புறம் வேண்டுமென்றே
மறுபடி ஏழுக்கு வருவாள்.
பெரிய சிரிஞ்சுதான், சின்னது கூடாது.
தள்ளு, நிறுத்து, தள்ளு, நிறுத்து.
கிளிப்பைப் போடு.
கத்தரிக்கோல் எங்கள் வீட்டில் கிடையாது.
பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் திறக்கிறோம்.

பம்ப்செட் தொட்டியில் மற்றதுகள் குதிக்கும்போது
இவள் கரையில் நின்று
யார் எவ்வளவு நேரம் முங்கினார்கள் என்று தீர்ப்புச் சொல்வாள்.
அதிலும் கள்ளக் கணக்குதான்.

தை மாதம். கிலோ மூன்று ரூபாய்க்கு விழுந்து
ரோட்டோரம் தக்காளியைக் கொட்டிய வாரம்.
அன்றைக்கு ராத்திரி
சிரிஞ்ச் நகரவில்லை.
கிளிப் திறந்துதான் இருக்கிறது.
மடிப்பு இல்லை, முறுக்கு இல்லை.
இன்னொரு தரம். நகரவில்லை.
என் கட்டைவிரல் தடிக்க ஆரம்பித்தது
எனக்குத் தெரிந்தது.
இருபது வருஷமும் அந்த ஒரு விரலுக்கு வந்து நின்றது.
அடைப்பென்றால்
அதற்கு என்ன செய்ய வேண்டுமென்று
அதற்குத் தெரியும்.

எடுத்துவிட்டேன்.
கை நடுங்கியது.
பெங்களூர் எவ்வளவு தூரம்,
இந்நேரத்துக்கு யாருடைய கார்,
சூளகிரி தாண்டினால் லாரி நெரிசல்,
இப்படி எதையெதையோ.

"அப்பா, இரு."
அவள் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்,
கிளாஸில் பதில் தெரிந்த பிள்ளைபோல.
முகத்தை அந்தப்பக்கம் திருப்பி
இரண்டு இருமல் இருமினாள்.
"ஷைனி சிஸ்டர் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க.
ஒனக்குச் சொன்னா நீ பயப்படுவியாம்.
இப்ப தள்ளு.
மெதுவா."

போனது.
வழிவிட்டது போல, அவ்வளவு லேசாக.
இழுத்துப் பார்த்தேன், ரத்தம் வந்தது,
தெளிவாய்த் திரும்பிப் போனது.
அவள் ஏழு வயதுக்குக் கொட்டாவி விட்டாள்.
ஸ்டாண்டில் மாட்டிய பாட்டிலிலிருந்து
சொட்டு
சொட்டாய் இறங்குவதை
விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் வேலைதான் அது,
வேறு கைகளோடு.

காலையில் கெலமங்கலம் ரோட்டுத் தோட்டம்.
மூன்றாவது வரிசையில் கடைசிச் செடிக்குத் தண்ணீர் ஏறவில்லை.
விற்காத தக்காளிக்குத் தண்ணீர் எதற்கென்று
தோட்டக்காரரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
குத்தவைத்து எண்ட் கேப்பைத்
துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன்.
"என்னய்யா, வாய்க்குள்ளயே எண்றே?"
எட்டு, ஒன்பது,
ஏழு.