கிடைத்த ரகசியத் தகவலின் பேரில்

கிடைத்த ரகசியத் தகவலின் பேரில் என்றுதான்
பதினாறு வருடமாகத் தொடங்குகிறேன்.
யாருக்குக் கிடைத்தது, யார் கொடுத்தது
எதுவும் அந்த வரியில் இருக்காது.
எழுவாயைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

கூடல் நகர் ரயில்வே கேட் தாண்டி
போர்டு இல்லாத மாடி எங்கள் அலுவலகம்.
கீழே மாவு மில்.
மிளகாய் அரைக்கிற நாளில்
விசாரணைக்கு வந்தவன் தும்மினால்
இன்ஸ்பெக்டர் இன்னாசி சிரிப்பார்:
"பொய் சொல்றான், எழுதிக்கங்க ஏட்டம்மா."

ஒச்சப்பனை நான் பார்த்தது இரண்டே முறை.
கோப்பில் அவன் பெயர் வெள்ளரி.
சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின ராத்திரி
மாட்டுத்தாவணியில், திருச்சி பஸ் நிற்கிற இடத்தில்,
ஒரு டிபன் கேரியர் இருக்கும் என்றான்.
இருந்தது.
மூன்றாவது அடுக்கு முழுக்க ஆணி.
மறுநாள் அதே தூணடியில் ஒருத்தி
பிள்ளையின் மொட்டைத் தலைக்குச் சந்தனம் தடவிக்கொண்டிருந்தாள்.
அவளுக்கு ஒன்றும் தெரியாது.
அந்தத் தெரியாமைக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
அடுத்ததைச் சொன்ன பிறகு சொன்னால்
நீங்கள் நம்பமாட்டீர்கள்.

பூமிராசன். ஐ.டி.ஐ. ஃபிட்டர். வயது இருபத்து மூன்று.
ராத்திரியில் நோட்டீஸ் ஒட்டுவான், பகலில் கோபமாகப் பேசுவான்.
கூட இருந்த ஐந்து பேரில் நான்கு பேர்
கல்யாணம், திருப்பூர் என்று போய்விட்டார்கள்.
அந்தக் கும்பல் என்ன ஆச்சு என்று
மேலேயிருந்து மாதாமாதம் கேட்டார்கள்.
கலைந்துவிட்டது என்று எழுதினால்
எங்கள் நிதியும் கலையும்.

"கோவம் இருக்குய்யா. கையில ஒண்ணும் இல்ல"
என்றான் ஒச்சப்பன்.
டீ ஆடை கட்டும்வரை இன்னாசி பேசவில்லை.
பிறகு,
"கையில இருந்தா என்ன செய்றான்னு பாப்பம்."

கீழவளவுப் பக்கம் ஒரு கிரானைட் குவாரி.
ஜெலட்டின் குச்சி.
ரகசிய நிதி வவுச்சரில்
'இதர பொருட்கள், எண்ணம் 12' என்று
நான்தான் எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

ஒன்பது நாள் பூமிராசன் அந்தப் பையைத் தொடவில்லை.
பத்தாம் நாள் தொட்டான்.
இடம் மாற்றி வைக்கவா, வைகையில் வீசவா,
இல்லை, நாங்கள் பயந்த அந்தக் காரியத்துக்கா
தெரியவில்லை.
தெரியும்வரை காத்திருக்க முடியுமா, சொல்லுங்கள்.
பதினொன்றாம் நாள் விடியுமுன் கதவை உடைத்தோம்.
கிடைத்த ரகசியத் தகவலின் பேரில்.

பறிமுதல் பட்டியலில் குச்சிகள் பதினொன்று.
மூன்று தடவை எண்ணினேன்.
"எழுத்துப் பிழைம்மா. வவுச்சரத் திருத்திருங்க."
பாதி பிளேடால் இரண்டைச் சுரண்டி
அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

ஒச்சப்பன் அதற்குப் பிறகு வரவே இல்லை.
உசிலம்பட்டியில் கறிக்கோழிக் கடை என்றார்கள்,
கேரளா என்றார்கள்.
கோப்பில், வெள்ளரி: தொடர்பு இல்லை.

ஏழு வருடம் கழித்து பூமிராசனின் அக்கா
சுருளியம்மாள் மனுப் போட்டாள்.
பத்து ரூபாய் ஸ்டாம்பு, ஒரே ஒரு கேள்வி:
என் தம்பியிடம் எடுத்த வெடிமருந்து
எந்தக் குவாரியில் வாங்கியது?
தகவல் உரிமைச் சட்டம், பிரிவு இருபத்து நான்கு,
பதிலளிக்க இயலாது என்று தட்டினேன்.
அவள் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கலாம்.
எத்தனை குச்சி என்று.

நேற்று செல்லூரில் யாரோ பெரிய சாவு.
வேட்டுச் சத்தம் பாலம் வரைக்கும் வந்தது.
இட்லிக் கரண்டியைக் கையில் பிடித்தபடி
எண்ணிக்கொண்டு நின்றேன்.
வேட்டுதான். வெறும் வேட்டுதான்.
இருந்தாலும்
யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால்
தேவலை போலிருந்தது.

ஒச்சப்பன் இருந்தால் கேட்கலாம்.