‘வேண்டாம்’ வேலை செய்யவில்லை

கெயோனில் மழைக்கு இது பதினோராவது நாள்.
சால்மன் ஆலையின் இரவு ஷிஃப்ட் முடிந்து
கையுறையோடு கழலாத மீன்வாசனையுடன்
விறகடுப்பருகே உட்கார்ந்து
ஆன் செய்கிறேன்.

ஏ பட்டன் நலம்.
திசைப் பட்டன் நாலும் நலம்.
பி மட்டும் பேசவில்லை.

ஏ என்றால் சரி, பி என்றால் வேண்டாம்.
இந்த விளையாட்டில் இருப்பதே இரண்டு சொல்தான்,
மற்றதெல்லாம் நடை.

கடைக்காரத் தவளை கேட்கிறது:
வெள்ளி வாளை விற்கிறாயா?
பி.
விற்கிறாயா?
பி பி பி.
கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை பி.
தவளை கண்ணைக்கூட இமைக்கவில்லை.
விற்க வேண்டும், இல்லையென்றால் அணைக்க வேண்டும்.
அணைத்தால்
சேமிக்காத மூன்று மணிநேரம் போகும்.

அணைத்தேன்.

ஊது, என்றாள் நெல்டா.
ஊதினேன்.
ஈரம்தான், அரிசிக்குள் புதைத்து வை, என்றான் எவாரிஸ்தோ.
இரண்டு நாள் புதைத்தேன்.
எடுத்தபோது ஸ்பீக்கர் துளையில் ஓர் அரிசி:
இருந்த கோளாறு ஒன்று, வந்தது இன்னொன்று.
புதுசு வாங்கேன், என்றாள் மிரேயா.
மிரேயாவின் புருஷனுக்கு வங்கியில் உத்தியோகம்.

அட்டையை மாற்றிப் பார்த்தேன்.
வேறு விளையாட்டு, அதே ஊமை.
ஆக, குற்றம் கதையில் இல்லை
உடம்பில்.

ஆறு ஸ்க்ரூ. ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று கால் பள்ளம்,
எந்தக் கடைத் திருப்புளிக்கும் வாய் திறக்காத பள்ளம்.
பால்பாயிண்ட் பேனாவின் வாலை லைட்டரில் இளக்கி
அதன்மேல் அழுத்தி, நூறுவரை எண்ணி, திருகினேன்.
ஐந்து வந்தன.
ஆறாவதற்கு இரண்டு பேனா.

உள்ளே போக இடுக்கி இருக்கிறது என்னிடம்.
எட்டு வருடமாக மீன்துண்டில் முள் பிடுங்கும் இடுக்கி.
ஆலையின் சொத்து;
சட்டைப்பையில் தவறி வந்தது என்று
வைத்துக்கொள்ளுங்கள்.
ரப்பரை உரித்தெடுக்கும்போது
கை தன்னால் முள்ளைத் தேடியது.

ஏ-வின் அடியில் கரும்பொட்டு, நேற்று வைத்ததுபோல்.
பி-யின் அடியில் அது தேய்ந்து வழவழ.
பலகையில் பச்சைக் களிம்பு.
இடையில் யாரோ மடித்துச் சொருகிய காகிதம்:
ஓசோர்னோ பஸ் டிக்கெட்டின் ஓரம்,
இருக்கை எண் 31.

காஸ்த்ரோவில் பழைய சாமான் மேசையில்
குடைக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் நடுவில் கிடந்ததை
வாங்கினேன். யாருடையது என்று கேட்கவில்லை.
முப்பத்தொன்றாம் இருக்கையே,
எதற்கெல்லாம் சொன்னாய் இத்தனை வேண்டாம்?
பொட்டு அழியும் அளவுக்கு
யார் உன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்?

கார்ப் பந்தயமாக இருந்திருக்கலாம்.
அதில் பி என்றால் பிரேக்.

ஊசி போடுமுன் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சால்
களிம்பைத் துடைத்தேன்.
மென்மையான பென்சிலால்
ரப்பருக்குப் புதுப்பொட்டு வைத்தேன்.
டிக்கெட்டை என்ன செய்வது என்று தெரியாமல்
பழையபடி மடித்து உள்ளேயே வைத்தேன்.
அரிசியும் வந்தது, முள்போல, ஒரே இழுப்பில்.

வெள்ளி வாளை விற்கிறாயா?
பி.
மீண்டும் வருக, என்கிறது தவளை.
திரும்பவும் உள்ளே போய்க் கேட்கவைத்தேன்.
பி.
இன்னொரு முறை.
பி.
அடுப்பில் விறகு சரிந்ததை
அப்புறம்தான் பார்த்தேன்.

ஒரு சின்னக் குறை மிச்சம்.
ஒருதரம் அழுத்தினால் சிலசமயம்
இரண்டுதரம் வேண்டாம் என்கிறது.
கடையை விட்டு வெளியேறி,
கையோடு பையையும் மூடிவிடுகிறது.
பென்சில் கொஞ்சம் தடித்துவிட்டது போலும்.
திறந்து துடைத்தால் பத்து நிமிட வேலை.

போனில் மேஸ்திரி கார்காமோ:
ஞாயிறும் வருவாயா? கை குறைகிறது.
மூன்று கேள்விக்குறி.

நான் இடுக்கியைச் சோப்புப் போட்டுக்
கழுவிக்கொண்டிருக்கிறேன்.
பத்து நிமிட வேலையை
இன்றைக்குச் செய்வதாக இல்லை.