காலை 9.40, அருவிக் குளியல்

திருப்பூரில் கிளம்பும்போது
நீச்சலுடை நான்கு வாங்கினோம்.
அரையாண்டு லீவு, மூன்றே நாள்.
மணிமுத்தாறு, மாஞ்சோலை, பாபநாசம்.
என் கணவர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி
நிமிடக் கணக்குப் போட்டு
லேமினேஷன் செய்து வைத்திருந்தார்.
நனைந்துவிடக் கூடாதாம்.

அம்பாசமுத்திரத்தில் இறங்கிய ராத்திரியே
பிடித்துக்கொண்டது.
தகரத்தில் யாரோ உளுந்து கொட்டுவதுபோல் தொடங்கி
அப்புறம் மூட்டை மூட்டையாக.
கரண்ட் போனது. டவர் போனது.
விடிந்ததும் விடியவில்லை.
லாட்ஜின் ஜன்னல் கண்ணாடி
விழப்போகிற பல் மாதிரி ஆடியது.
மகன் பிஸ்கட்டை எண்ணி எண்ணி வைத்தான்.
"மாஞ்சோலையை நாளைக்குத் தள்ளிக்கலாம்"
என்றார் அவர், தாளைப் பார்த்து.
யாரும் பதில் சொல்லவில்லை.

அடுத்த ராத்திரி மூன்று மணி இருக்கும்.
கீழே பெஞ்சை இழுக்கிற சத்தம்.
டார்ச் அடித்தால்
ஏழாவது படியில் தண்ணீர் நின்றது,
ரூம் இருக்கா என்று கேட்க வந்த ஆள்போல.
மேனேஜர் ஆவுடையப்பன்
லெட்ஜரைத் தலையில் தாங்கி ஏறி வந்தார்.
பின்னால், லாட்ஜைக் கூட்டிப் பெருக்கும் பரமகல்யாணி.
இடுப்பில் பிள்ளை,
பிள்ளையின் கையில் நாய்க்குட்டி.
"எங்க தெரு போச்சுக்கா" என்றாள்,
ஆறரை மணி பஸ் போச்சு என்கிற குரலில்.

நூற்று மூன்றாம் அறையில்
ஏழு பேர், ஒரு நாய்.
பிஸ்கட்டைப் பங்கு வைத்தது மகன்.
நாய்க்கும் ஒன்றரை.

வெள்ளம் வடிந்தால் போய்விட்டது என்றுதான்
நினைத்திருந்தேன்.
அது தன் சாமானையெல்லாம்
நம் வீட்டில் வைத்துவிட்டுப் போகும் என்று தெரியாது.
கெண்டைக்கால் சேறு. அதற்குள்
குக்கர் மூடி, ஒற்றைச் செருப்பு,
யாருடைய ரேஷன் கார்டோ,
யாருடைய கல்யாண ஆல்பமோ,
மாலை மட்டும் தெரிந்தது, முகங்கள் கரைந்திருந்தன.
எங்கள் கார் பின்சுவரில் முட்டி நின்றது.
டிக்கியில் அயிரை மீன்.
அவர் அதை நெடுநேரம் பார்த்தபடி இருந்தார்.

இரண்டு நாளைக்கு பஸ் இல்லை என்றார்கள்.
சும்மா உட்கார முடியாமல்தான் இறங்கினோம்,
பெரிய மனசெல்லாம் இல்லை.
வீட்டில் ஒரு டம்ளர் கழுவாத மிதுனா
ஐஸ்கிரீம் டப்பாவால் சேறு அள்ளினாள்.
துடைக்கத் துணி இல்லை.
விலைச்சீட்டு கிழிக்காத நீச்சலுடை நான்கையும்
எடுத்து வந்தேன்.
நல்ல துணி. சொட்டுத் தண்ணீரை உறிஞ்சாது.
"சவத்தத் தூரப் போடுங்கக்கா"
பரமகல்யாணி தன் சேலை ஓரத்தைக்
கிழித்துக் கொடுத்தாள்.
வாங்கித் துடைத்தேன். பாதித் தரை முடிந்த பிறகுதான்
உறைத்தது,
அவளுக்கு இப்போது வேறு சேலை இல்லை.

"உன் வீடு?" என்று கேட்டேன்.
"லாட்ஜ் முடியட்டும், பெறகு பாத்துக்கிடலாம்."

மறுநாள் அவள் தெருவுக்குப் போனோம்.
நான் என்னுடைய சேலைகள் இரண்டு கொண்டுபோனேன்.
ஒன்றை வாங்கிக்கொண்டாள்.
மற்றது பக்கத்து வீட்டுக்குப் போனது,
என்னைக் கேட்காமலே.
சுவரில் இடுப்பு உயரத்துக்கு வண்டல்,
காய்ந்தால் வராது.
கரண்டி வளைந்துவிட்டது. அட்டை ஊறிவிட்டது.
அவர் சட்டைப் பையில் கைவிட்டு
அந்தத் தாளை எடுத்தார்.
விளிம்பைச் சுவரில் சாய்த்து
மேலிருந்து கீழே ஒரு இழுப்பு.
தோல் உரிவதுபோல் வந்தது.
மத்தியானம் வரை வழித்தார்,
பேசவே இல்லை.

பஸ் வந்துவிட்டது என்று ஆவுடையப்பன் ஆளனுப்பினார்.
பில் கேட்டோம்.
லெட்ஜரை விரித்து எங்கள் பெயருக்கு நேரே
ஒரு கோடு மட்டும் இழுத்தார்.

கிளம்பும்போது பரமகல்யாணி கேட்டாள்:
"சார், அந்தத் தாளு நல்லா வழிக்குது.
வச்சுக்கிடட்டுமா? இன்னும் நாலு வீடு கெடக்கு."
அவர் அதை முழங்கையில் துடைத்து
ஒருமுறை மேலிருந்து கீழே படித்துவிட்டுக்
கொடுத்தார்.