அங்க அடையாளம்

பழைய அட்டையில் இருக்கிறது:
வலது முன்கையில் கறுப்பு நங்கூரம்.
கையை நீட்டுகிறார் ரெமிஜியுஸ், தங்கச்சிமடம்.
பச்சை. படகடியில் பிடித்த பாசிப் பச்சை.
ஓரம் கசிந்து
நங்கூரம் இறால் மாதிரி சுருண்டிருக்கிறது.

"வேற ஆளோ?" என்கிறார் மேலதிகாரி.

மண்டபம் மீன்வள ஆபீசில் கரண்ட் இல்லை.
தோல் டாக்டரிடம் கம்பவுண்டராக இருக்கும்
என் மைத்துனன் சொல்லியிருக்கிறான்:
குத்திய அன்றே உள்ளே சில அணுக்கள்
மையை விழுங்கிவிடும்.
செரிக்காது. வைத்துக்கொண்டே சாகும்.
சிந்தியதை அடுத்தது விழுங்கும்.
பொடித் துகள் கொஞ்சம்
அக்குள் வரை போய் ஒதுங்கும்.
இதை நான் எந்தக் கட்டத்தில் எழுத?

மிச்சக் கறுப்பையும்
தோல் வழியாகத்தான் பார்க்கிறோம், சார்.
ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு நீலம்,
அள்ளிப் பாருங்கள்,
கையில் வெறும் தண்ணீர்.

மணிக்கட்டில் சிவப்பில் ஒரு பெயரும் இருந்ததாம்.
வெயில் அதைத்தான் முதலில் தின்றது.
யார் பெயர் என்று
படிவத்தில் கேள்வி இல்லை.

"கறுப்புன்னே எழுதுங்க," என்கிறார்.
"குத்துனவன் கறுப்புன்னு சொல்லித்தான்
அறுவது ரூவா வாங்குனான்."